மாணவர்களை வெளிநாட்டுக்கு அழைத்துப்போய்ப் பாடம் நடத்த நினைக்கிறீர்களா? சேலத்துப் பேராசிரியர்கள் கேட்கும் கேள்விகள்

சேலம் மாவட்டக் கல்லூரிகளில் பாடம் நடத்தும் பலருக்கு இப்போது இந்த ஆசை இருக்கிறது. தங்கள் வகுப்பு மாணவர்களைப் பத்துப் பன்னிரண்டு நாள் வெளிநாடு கூட்டிப்போய், அங்கேயே ஒரு பாடத்தை முழுதாக நடத்தி, அதற்குப் பட்டப் படிப்பில் கணக்காகும் கிரெடிட்டும் கொடுக்க வேண்டும் என்று கேட்டு வருகிறார்கள். இப்படி வரும் முன்மொழிவுகளைப் படித்துக் கருத்துச் சொல்லும் குழுவில் இருப்பதால், திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

மாணவர் பரிமாற்றத் திட்டம் என்பதும் இதுவும் ஒன்றுதானா?

இல்லை. பரிமாற்றத் திட்டத்தில் மாணவர் தனியாகப் போய், அங்கிருக்கும் பல்கலைக்கழகத்தில் ஒரு செமஸ்டர் சேர்ந்து, அவர்களுடைய ஆசிரியரிடம் படிக்கிறார். இங்கே பாடம் உங்களுடையது. பாடத்திட்டம் எழுதுவதும், கூடவே போவதும், அங்கே நின்று நடத்துவதும், மதிப்பெண் போடுவதும் நீங்கள்தான். வெளிநாட்டு நிறுவனம் இடமும் ஆய்வகமும் சில சிறப்பு வகுப்புகளும் கொடுத்து உதவுகிறது. காலமும் குறைவு, ஒரு வாரத்திலிருந்து மூன்று, நான்கு வாரம் வரைதான்.

இரட்டைப் பட்டம், இணைப் பட்டம், ட்வின்னிங் (படிப்பின் ஒரு பகுதியை வெளிநாட்டு நிறுவனத்தில் முடிப்பது) ஆகியவற்றுக்குப் பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் தனி விதிமுறை கொண்டுவந்தது. கல்லூரிகளைத் தரமதிப்பிடும் நாக் அமைப்பின் மதிப்பெண் 3.01, என்.ஐ.ஆர்.எப். தேசியத் தரவரிசையில் முதல் 100 என்றெல்லாம் அதில் தகுதி நிபந்தனைகள் உண்டு. அதைப் படித்துவிட்டு, நம் கல்லூரிக்கு இதெல்லாம் நடக்காது என்று ஒதுங்கிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த நிபந்தனைகள் வெளிநாட்டு நிறுவனத்தோடு சேர்ந்து பட்டம் கொடுப்பதற்கானவை. உங்கள் பாடத்தை நீங்களே வெளியூரில் நடத்துவதற்கு அவை பொருந்தாது.

நாங்கள் வருடாவருடம் ஐ.வி. (தொழிற்சாலையைப் பார்த்து வரும் பயணம்) போகிறோம். அதையே வெளிநாட்டில் செய்தால் போதாதா?

போதாது. ஐ.வி.யில் ஒரு நாள் ஆலையைச் சுற்றிப் பார்ப்போம், மறுநாள் கடற்கரைக்கோ பூங்காவுக்கோ போவோம், வந்ததும் ரிப்போர்ட் எழுதிக் கொடுப்போம். அதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒரு குடும்பத்திடம் லட்சத்தை நெருங்கும் செலவைக் கேட்கும்போது, திரும்பி வரும் மாணவனுக்கு இங்கே இருந்தபடி கற்க முடியாத ஏதோ ஒன்று தெரிந்திருக்க வேண்டும். எங்கள் குழுவுக்கு வரும் முன்மொழிவுகளில் நான் முதலில் தேடுவது இதைத்தான்: இந்தப் பாடத்துக்கு எதற்காக அந்த ஊருக்குப் போக வேண்டும்? பதில் இரண்டு வரியில் தெளிவாக இருந்தால் மீதிக் குறைகளைச் சேர்ந்து உட்கார்ந்து சரிசெய்துவிடலாம்.

எந்த நாடு என்று எப்படி முடிவு செய்வது?

நாட்டை விட்டுவிட்டு உங்கள் பாடத்திலிருந்து தொடங்குங்கள். அதிலும் இந்த மாவட்டத்தில் நம் கண் முன்னால் இருக்கும் ஒரு பிரச்சினையிலிருந்து தொடங்கினால் இன்னும் நல்லது. ஓர் எடுத்துக்காட்டை விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இது நமக்கென்றே அமைந்த மாதிரி இருக்கிறது.

ஆத்தூர், வாழப்பாடிப் பக்கம் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, இல்லாத ஊர் குறைவு. சேகோ (ஜவ்வரிசி) ஆலைகளும் ஸ்டார்ச் ஆலைகளும் அந்தக் கிழங்கை நம்பித்தான் ஓடுகின்றன. சேலம் ஜவ்வரிசிக்கு 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. இந்தப் பயிரை மரவள்ளி மாவுப்பூச்சி தாக்கியது. 2020-இல் கேரளத்தில், திருச்சூர்ப் பக்கம் கண்டறியப்பட்ட பூச்சி, சீக்கிரமே நம் வயல்களுக்கும் வந்துவிட்டது. இதை அடக்க, ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து ஒரு சிறு ஒட்டுண்ணிக் குளவியை பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வள நிறுவனம் வரவழைத்தது. 2022-இல் ஏத்தாப்பூர் மரவள்ளி மற்றும் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் அந்தக் குளவி வயலில் விடப்பட்டது.

தாய்லாந்தில் இதே கதை பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பே நடந்து முடிந்திருக்கிறது. அதே பூச்சி அங்கே 2008-இல் தென்பட்டது. அதே பெனினிலிருந்து அதே குளவியை 2009-இல் கொண்டுவந்தார்கள். பெருமளவில் வளர்த்து வயல்களில் விட்டார்கள். அதற்குப் பிறகு 2018-இல் தேமல் நோயும் அங்கே போய்ச் சேர்ந்தது. அதை உண்டாக்கும் இலங்கை மரவள்ளித் தேமல் வைரஸ் நம் வயல்களில் ஏற்கெனவே இருப்பதுதான்.

இப்போது பாருங்கள். ஒரு விலங்கியல் அல்லது தாவரவியல் ஆசிரியர் தன் மாணவர்களை ஏத்தாப்பூருக்கும் தாய்லாந்தின் நகோன் ராட்சசீமாவுக்கும் கூட்டிப்போனால், ஒரே பூச்சி, ஒரே குளவி, இரண்டு நாட்டு வயல் என்று ஒப்பிட்டுப் படிக்க முடியும். அங்கே எத்தனை வருடத்தில் பூச்சி அடங்கியது, விவசாயி மருந்தடிப்பதைக் குறைத்தாரா, குளவியை வளர்க்கும் வேலையை யார் ஏற்றார்கள் என்பதை நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். வேதியியல் ஆசிரியர் என்றால் ஆலைக் கழிவுநீரை எடுத்துக்கொள்ளலாம். திருமணிமுத்தாறு நம் ஊரில் என்ன நிலையில் ஓடுகிறது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. தாய்லாந்து ஸ்டார்ச் ஆலைகள் பலவற்றில் கழிவுநீரிலிருந்து எரிவாயு எடுத்து ஆலைக்கே எரிபொருளாக்குகிறார்கள். நம் பக்கமும் சில ஆலைகளில் இது உண்டு. இரண்டையும் பார்த்த மாணவன் எழுதும் அறிக்கைக்கு இங்கே உண்மையான பயன் இருக்கும். வணிகவியல் ஆசிரியருக்கோ, உலகிலேயே அதிகமாக மரவள்ளி ஸ்டார்ச் ஏற்றுமதி செய்யும் நாடு எப்படி விலை வைக்கிறது, சேகோசர்வ் என்ற ஆலைக்காரர்களின் கூட்டுறவுச் சங்கம் வழியாக நம் ஊர் எப்படி விற்கிறது என்பதே ஒரு முழுப் பாடம்.

எங்கள் துறைக்கு அப்படி எதுவும் இல்லையே?

கொஞ்சம் தேடினால் கிடைக்கும். நிலவியல் துறைக்குச் சேர்வராயன் மலையின் சார்னோக்கைட் பாறை இருக்கிறது. கோண்டுவானா பெருநிலம் பிரிவதற்கு முன் இலங்கையின் மத்திய மலைநாட்டுப் பாறைகளும் நம் பாறைகளும் அக்கம்பக்கத்தில் இருந்தவை. இரண்டையும் ஒரே பருவத்தில் பார்ப்பது பாடநூலில் ஆயிரம் படம் பார்ப்பதற்கு மேல். வெள்ளைக்கல் தோண்டும் நம் மேக்னசைட் சுரங்கங்களுக்கு கிரீஸின் யூபியா தீவில் நெருங்கிய உறவு இருக்கிறது, அங்கேயும் இதே நுண்படிக வகை மேக்னசைட்தான்.

ஏற்காட்டுக் காப்பியை எடுத்துக்கொண்டால், 1869-இல் இலங்கைத் தோட்டங்களில் தென்பட்ட இலைத்துரு நோய் அந்த நாட்டைக் காப்பியிலிருந்து தேயிலைக்கு எப்படி மாற்றியது என்பதைக் கண்டியிலும் நுவரெலியாவிலும் நின்று நடத்தலாம். வரலாறு, தமிழ்த் துறைகளுக்கு அதே மலைகளில் இன்னொரு பாடமும் உண்டு. இலங்கைக்கும் மலாயாவுக்கும் கங்காணிகள் வழியாகத் தோட்ட வேலைக்குப் போனவர்களில் சேலம் மாவட்டத்துக்காரர்கள் நிறையப் பேர். மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1956-இல் தொடங்கப்பட்ட இந்திய ஆய்வியல் துறை இப்போது கோலாலம்பூரில் இயங்குகிறது. அங்கே போய் வாய்மொழி வரலாறு சேகரித்து வரும் ஒரு பாடத்தை யாராவது முன்மொழிவார்கள் என்று நான் ஆவலோடு எதிர்பார்க்கிறேன். இதுவரை ஒருவரும் முன்மொழியவில்லை.

எந்த மாதம் போவது நல்லது?

நமக்கு இரண்டு வாய்ப்புதான்: நவம்பர் தேர்வு முடிந்த டிசம்பர், ஏப்ரல் தேர்வு முடிந்த மே. அந்த இரண்டில் எது என்பதைப் பாடம் சொல்லட்டும். தாய்லாந்தில் மே மாதம் போனால் மழை தொடங்கிக் கிழங்கு நடவு நடக்கும், ஆலைகள் பலவும் ஓடாது. அறுவடையும் ஆலையும் பார்க்க வேண்டுமானால் டிசம்பர்தான். அப்போதும் 5-ஆம் தேதியும் 10-ஆம் தேதியும் அங்கே அரசு விடுமுறை, மாதக் கடைசியில் புத்தாண்டுக்கு எல்லாம் மூடிவிடுவார்கள் என்பதைக் கணக்கில் வையுங்கள். ஐரோப்பா என்றால் டிசம்பர் பிற்பாதியில் பல்கலைக்கழகங்களில் ஆள் இருக்காது. மலேசியா என்றால் நோன்பு மாதம் எப்போது வருகிறது என்று பாருங்கள்.

எவ்வளவு முன்னதாகத் தொடங்க வேண்டும்?

ஒரு வருடம். டிசம்பரில் போக வேண்டுமானால் முந்தைய டிசம்பரில் முன்மொழிவு எழுதத் தொடங்குங்கள்.

கிரெடிட் எத்தனை கொடுக்கலாம்?

மானியக் குழுவின் இளநிலைப் பாடத்திட்டக் கட்டமைப்பின்படி 15 மணி நேர வகுப்புக்கு ஒரு கிரெடிட், செய்முறைக்கும் களப்பணிக்கும் 30 மணி நேரத்துக்கு ஒரு கிரெடிட். புறப்படும் முன் இங்கேயே 15 மணி நேரம் வகுப்பு நடத்தினால் ஒன்று ஆயிற்று. அங்கே பத்து வேலை நாள், நாளுக்கு ஆறு மணி நேரம் களப்பணி என்றால் 60 மணி நேரம், இரண்டு கிரெடிட். ஆக மூன்று. பேருந்தில் போகும் நேரத்தையும் கோயில் பார்க்கும் நேரத்தையும் களப்பணிக் கணக்கில் சேர்க்காதீர்கள். குழுவில் எங்களுக்குத் தெரிந்துவிடும், அப்புறம் முழுக் கணக்கின் மேலும் சந்தேகம் வந்துவிடும்.

யார் யார் ஒப்புதல் தர வேண்டும்?

உங்கள் கல்லூரி தன்னாட்சி பெற்றதா என்பதைப் பொறுத்தது. தன்னாட்சிக் கல்லூரி என்றால் துறை, பாடத்திட்டக் குழு, அகாடமிக் கவுன்சில், பிறகு ஆட்சிக் குழு என்று உள்ளேயே முடிந்துவிடும். பல்கலைக்கழகத் துறை என்றால் சிண்டிகேட் வரை போக வேண்டும். தன்னாட்சி இல்லாத இணைப்புக் கல்லூரி புதிய கிரெடிட் பாடத்தைத் தானாக உருவாக்க முடியாது. அவர்கள் பல்கலைக்கழகம் ஏற்கெனவே வைத்திருக்கும் பயிற்சி, களப்பணி, புராஜெக்ட் போன்ற பாடங்களில் ஒன்றின் கீழ் இதைப் பொருத்தலாம், அல்லது கூடுதல் சான்றிதழ்ப் படிப்பாக நடத்தலாம்.

அகாடமிக் கவுன்சில் வருடத்தில் சில முறைதான் கூடும். அந்தத் தேதியைத் தவறவிட்டால் பயணமே ஒரு வருடம் தள்ளிப்போகும். முன்மொழிவு எழுத உட்காரும் முன்னால் அலுவலகத்தில் அடுத்த கூட்டம் எப்போது என்று கேட்டுவிடுங்கள்.

வெளிநாட்டில் யாரையும் தெரியாது. எப்படித் தொடர்பு கொள்வது?

பல்கலைக்கழகத்தின் பொது முகவரிக்கு எழுதினால் பதில் வருவது அரிது. உங்கள் பாடத்தில் அங்கே ஆய்வுக் கட்டுரை எழுதுகிற ஓர் ஆசிரியரைத் தேடி, அவர் கட்டுரையைப் படித்துவிட்டு, அதைப் பற்றியே எழுதுங்கள். மரவள்ளி என்றால் பாங்காக்கில் உள்ள கசெட்சார்ட் பல்கலைக்கழகத்தில் ஆள் கிடைப்பார்கள், தாய்லாந்தில் பரவலாகப் பயிரிடப்படும் கசெட்சார்ட் 50 ரகத்தின் பெயரிலேயே அந்தப் பல்கலைக்கழகம் இருக்கிறது. நீங்கள் என்ன கேட்கிறீர்கள் என்பதைச் சுருக்கமாகச் சொல்லுங்கள்: எத்தனை பேர், எந்தத் தேதி, என்ன பார்க்க வேண்டும், அவர்களுக்குக் கட்டணம் எவ்வளவு கொடுக்க முடியும். பதிலுக்கு நீங்கள் என்ன தருவீர்கள் என்பதையும் எழுதுங்கள். ஏத்தாப்பூர் அனுபவம் அவர்களுக்கும் சுவையான விஷயம்தான்.

ஜப்பான் பக்கம் எண்ணம் இருந்தால் சகுரா அறிவியல் திட்டம் என்று ஒன்று இருக்கிறது. 2014-இலிருந்து ஆசிய நாட்டு இளைஞர்களைக் குறுகிய காலத்துக்கு அழைத்துச் செலவையும் ஏற்கிறார்கள். அதற்கு விண்ணப்பிக்க வேண்டியது ஜப்பானில் உள்ள நிறுவனம், நாம் அல்ல. அதனால் அங்கேயும் முதல் வேலை ஓர் ஆசிரியரைக் கண்டுபிடிப்பதுதான்.

நான் அரசுக் கல்லூரி ஆசிரியர். அங்கிருக்கும் பல்கலைக்கழகமே தங்கும் செலவைப் பார்த்துக்கொள்கிறது என்கிறார்கள். ஏற்றுக்கொள்ளலாமா?

அனுமதி வாங்கிய பிறகு ஏற்றுக்கொள்ளலாம். வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் 2010-இன்படி அரசு ஊழியர்களும் அரசின் கட்டுப்பாட்டில் உள்ள நிறுவன ஊழியர்களும் வெளிநாட்டு விருந்தோம்பலை ஏற்க ஒன்றிய உள்துறை அமைச்சகத்தின் முன் அனுமதி தேவை. எப்.சி.2 படிவத்தில் இணையம் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். துறையிலிருந்து வாங்கும் தடையின்மைச் சான்றும் வெளிநாடு செல்லும் அனுமதியும் இதற்கு மேல். இலவசத் தங்கலை நல்ல மனதோடு கொடுக்கிறார்கள், இதில் என்ன அனுமதி என்று நினைத்துப் போய்விடாதீர்கள்.

பாஸ்போர்ட் விஷயத்தில் என்ன சிக்கல் வரும்?

நம் மாணவர்களைப் பொறுத்தவரை பெரிய தடையே இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். வகுப்பில் பாஸ்போர்ட் இருப்பவர்கள் கையெழுத்துப் போட்டால் ஒரு தாளின் கால் பங்கு கூட நிறையாது. பெரும்பாலானோர் குடும்பத்திலேயே இதுதான் முதல் பாஸ்போர்ட்டாக இருக்கும்.

சிக்கல் பெயரில்தான் தொடங்குகிறது. நம் ஊரில் இனிஷியல் வைத்து எழுதுகிறோம். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல் பின்னால், ஆதாரில் முன்னால், வங்கிக் கணக்கில் அப்பா பெயர் முழுதாக என்று ஒரே மாணவிக்கு மூன்று பெயர் இருக்கும். பாஸ்போர்ட்டோ குடும்பப் பெயர், சொந்தப் பெயர் என்று இரண்டு கட்டம் கேட்கிறது. குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விடுகிறவர்கள் உண்டு. ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரிலிருந்து ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட் உள்ளவர்களைச் சுற்றுலா விசாவில் அனுமதிப்பதில்லை. அதனால் இனிஷியலை விரித்து அப்பா பெயரைக் குடும்பப் பெயராகப் போடுவதே பாதுகாப்பு. பிறகு விமான டிக்கெட், காப்பீடு, அழைப்புக் கடிதம் எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, எழுத்துக்கு எழுத்து அதே பெயர். கல்லூரிப் பதிவேட்டைப் பார்த்து டிக்கெட் போடக் கூடாது.

விண்ணப்பிக்கும் முன் ஒரு மாலை எல்லோரையும் சான்றிதழ்களோடு கணினி ஆய்வகத்தில் உட்கார வைத்து, ஒன்றாகவே படிவத்தை நிரப்பச் சொல்லுங்கள். சாதாரணமாக 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்கு 1,500 ரூபாய், தட்கல் என்றால் மேலும் 2,000. முன்கூட்டியே தொடங்கினால் அந்த இரண்டாயிரம் மிச்சம். விடுதியில் தங்கிப் படிப்பவர்கள் போலீஸ் விசாரணைக்கு எந்த முகவரிக்கு ஆள் வருவார்கள் என்பதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும், வீட்டிலும் சொல்லி வைக்க வேண்டும். ஏற்கெனவே பாஸ்போர்ட் உள்ளவர்களுக்குத் திரும்பும் தேதியிலிருந்து ஆறு மாதமாவது செல்லுபடி இருக்கிறதா என்று பாருங்கள்.

பயணத்துக்குத் தேர்வாகாதவர்களையும் இந்த மாலைக்கு அழையுங்கள். பாஸ்போர்ட் கையில் இருக்கும் பிள்ளைகள் அடுத்த வாய்ப்பு வரும்போது தயங்காமல் கை தூக்குகிறார்கள்.

விசா?

நாட்டுக்கு நாடு வேறு, அடிக்கடி மாறவும் செய்கிறது. அந்தந்தத் தூதரக இணையதளத்தை மட்டும் நம்புங்கள். பொதுவாகச் சொல்ல வேண்டியவை இரண்டு மூன்றுதான். சுற்றுலா விசாவிலோ விசா விலக்கிலோ போய்ப் படிப்பு நடத்தலாமா என்பதை அழைக்கும் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அமெரிக்கா போல, பார்வையாளர் விசாவில் கிரெடிட் பாடம் படிக்க அனுமதிக்காத நாடுகள் உண்டு. ஒரே விசாவில் போகக்கூடிய ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து 15 நாள் முன்பு வரை விண்ணப்பிக்கலாம், குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். படிப்புக்காகப் போகும் மாணவர்களுக்கும் உடன் போகும் ஆசிரியர்களுக்கும் அங்கே விசாக் கட்டணம் கிடையாது என்பது பலருக்குத் தெரிவதில்லை. தாய்லாந்துக்கு 2025 மே மாதத்திலிருந்து, இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் வருகை அட்டை நிரப்ப வேண்டும்.

செலவை எப்படிக் கணக்கிடுவது?

இரண்டு பையாகப் பிரியுங்கள். ஒன்று ஆளுக்கு ஆள் ஆகும் செலவு: டிக்கெட், தங்கல், சாப்பாடு, காப்பீடு, விசா. இன்னொன்று எத்தனை பேர் வந்தாலும் மாறாத செலவு: இரண்டு ஆசிரியர்களின் பயணம், வேன், மொழிபெயர்ப்பாளர், ஆய்வகக் கட்டணம். இரண்டாவது பைதான் ஏமாற்றும். அது மூன்று லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 பேர் வந்தால் தலைக்கு 15,000. கடைசி நேரத்தில் எட்டுப் பேர் விலகி 12 பேர் ஆனால் 25,000. அந்தப் பத்தாயிரத்தை யாரிடம் கேட்பீர்கள்? அதனால் குறைந்தது எத்தனை பேர் இருந்தால் பயணம் நடக்கும், அதற்குக் கீழே போனால் எந்தத் தேதியில் ரத்து செய்வோம், பணம் எவ்வளவு திரும்பும் என்பதை முன்மொழிவிலேயே எழுதி, பெற்றோருக்கும் முதல் நாளே கொடுத்துவிடுங்கள்.

ஆசிரியர்களின் பயணச் செலவை மாணவர் தலையில் ஏற்றுவது எனக்கு உடன்பாடில்லை. பாடம் நடத்தப் போகிறார்கள், அது கல்லூரியின் செலவு. இதை நிர்வாகத்திடம் கேட்கத் தயங்க வேண்டாம். மூன்று லட்சத்தில் பெரும் பகுதி குறைந்தால் இன்னும் சில பிள்ளைகள் வர முடியும் என்று கணக்கோடு காட்டினால் நிர்வாகம் யோசிக்கும்.

நாணய மதிப்பு ஏறும் என்று எண்ணி மொத்தத்தில் ஐந்திலிருந்து பத்து சதவீதம் கூடுதலாக வையுங்கள். மிஞ்சினால் திருப்பிக் கொடுங்கள். விமானத்துக்குத் திருச்சி, கோயம்புத்தூர், பெங்களூரு, சென்னை நான்கையும் ஒப்பிடுங்கள். தென்கிழக்கு ஆசியாவுக்குத் திருச்சியே பல நேரம் வசதியாக இருக்கும்.

டிராவல் ஏஜென்சி எல்லாவற்றையும் முடித்துத் தருகிறேன் என்கிறது. கொடுத்துவிடலாமா?

டிக்கெட்டும் ஹோட்டலும் கொடுக்கலாம். பாடத்தைக் கொடுக்காதீர்கள். இத்தனை மாணவருக்கு ஓர் ஆசிரியர் இலவசம் என்று சொன்னால், அந்தத் தொகையை மாணவர் கட்டணத்தில் கழித்துத் தரச் சொல்லுங்கள். குறைந்தது மூன்று விலைப்புள்ளி வாங்குங்கள். பணம் கல்லூரிக் கணக்கு வழியாகவே போகட்டும், ஆசிரியரின் சொந்தக் கணக்கு எந்தக் கட்டத்திலும் வேண்டாம். வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்பாக விற்றால் அதன் மேல் மூலத்தில் வசூலிக்கும் வரியும் சேரும், விகிதத்தை அந்த வருடத்து பட்ஜெட்டைப் பார்த்துக் கணக்கில் எழுதுங்கள்.

வசதி இல்லாத மாணவர்கள் என்ன செய்வது?

இந்தக் கேள்வியை எல்லோரும் கடைசியில் கேட்கிறார்கள். முதலில் கேட்க வேண்டியது இது. விசைத்தறி ஓட்டும் வீட்டிலிருந்தும், வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் கூலிக்குப் போகும் வீட்டிலிருந்தும் வரும் பிள்ளைகள் நம் வகுப்பில் பாதிக்கு மேல். அவர்கள் வர முடியாத ஒரு பாடத்துக்குக் கிரெடிட் கொடுப்பது நியாயமே இல்லை. அதனால் நான் வலியுறுத்துவது: சில இடங்கள் முழுச் செலவும் கல்லூரியும் முன்னாள் மாணவர்களும் ஏற்கும் இடங்களாக இருக்க வேண்டும், அவற்றை யார் பெற்றார்கள் என்பது வகுப்பில் யாருக்கும் தெரியக் கூடாது. மற்றவர்களுக்கு வருடம் முழுவதும் தவணை. வராத மாணவர்களுக்கு அதே கிரெடிட்டை இங்கேயே, ஏத்தாப்பூரிலோ ஏற்காட்டிலோ களப்பணி செய்து வாங்கும் வழியும் இருக்க வேண்டும். இந்தப் பகுதி இல்லாத முன்மொழிவை நான் திருப்பி அனுப்பிவிடுவேன்.

மதிப்பெண் அடிப்படையில் தேர்வு செய்யலாமா? அரியர் இருந்தால்?

மதிப்பெண்ணை மட்டும் பார்க்க வேண்டாம். அரை பக்கத்தில், இந்தப் பாடத்தில் எனக்கு என்ன தெரிய வேண்டும் என்று தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதச் சொல்லுங்கள், பிறகு பத்து நிமிடம் பேசுங்கள். ஒரு பேப்பர் அரியர் இருப்பதற்காக மரவள்ளி விவசாயி வீட்டுப் பெண்ணை விட்டுவிட்டுப் போனால் நஷ்டம் குழுவுக்குத்தான்.

பலருக்கு ஆங்கிலம் தடுமாறும். சமாளிப்பார்களா?

சமாளிப்பார்கள். தாய்லாந்து விவசாயியும் ஆங்கிலம் பேச மாட்டார், மொழிபெயர்ப்பாளர் வழியாகத்தான் இரண்டு பக்கமும் பேசப் போகிறோம். கேட்க வேண்டிய கேள்விகளை இங்கேயே தமிழில் எழுதி, ஒரு விவசாயியிடம் கேட்டுப் பார்த்து, பிறகு ஆங்கிலமாக்கிக்கொண்டு போனால் போதும்.

பெற்றோர் பயப்படுகிறார்கள். குறிப்பாகப் பெண் பிள்ளைகளின் வீட்டில்.

பயம் இயல்பானது, அதற்கு மரியாதையோடு பதில் சொல்ல வேண்டும். குறைந்தது இரண்டு ஆசிரியர்கள், அதில் ஒருவர் கண்டிப்பாகப் பெண். பெற்றோர் கூட்டத்தைச் சனிக்கிழமை பிற்பகலில் வையுங்கள், மேட்டூரிலிருந்தும் சங்ககிரியிலிருந்தும் வருகிறவர்கள் வேலையை விட்டுவிட்டு வர வேண்டியிருக்கும். உடன் போகும் ஆசிரியர்கள் அந்தக் கூட்டத்தில் நேரில் இருக்க வேண்டும். “அங்க போயி உடம்பு சரியில்லாமப் போனா யாரு பாப்பாங்க?” என்று ஓர் அம்மா கேட்டால் காப்பீட்டு அட்டை, பக்கத்து மருத்துவமனை, கூட இருக்கப்போகும் ஆசிரியர் பெயர் மூன்றையும் சொல்லத் தெரிய வேண்டும். தாய்லாந்தில் ஆம்புலன்ஸ் 1669, சுற்றுலாப் போலீஸ் 1155 என்று ஒரு தாளில் அச்சிட்டுக் கொடுங்கள். இந்தியத் தூதரக எண்ணும் அதில் இருக்கட்டும். தினமும் இரவு ஒரு குறிப்பிட்ட நேரத்தில் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் நலம் என்று ஒரு வரி வந்துவிட வேண்டும்.

மாணவர்களிடம் சட்டத்தைப் பற்றி ஒளிக்காமல் பேசுங்கள். இ-சிகரெட் வைத்திருப்பது தாய்லாந்திலும் சிங்கப்பூரிலும் குற்றம். போதைப்பொருள் என்றால் சிங்கப்பூர், மலேசியாவில் மரண தண்டனை வரை போகும். அன்றாடம் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருத்துவர் சீட்டோடு எடுத்து வரட்டும்.

புறப்படும் முன் என்ன பயிற்சி?

வகுப்புகள் போக, இரண்டு நாள் ஏற்காட்டில் முகாம் போடுங்கள். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறும்போதே யாருக்குப் பயணம் ஒத்துக்கொள்ளாது என்று தெரிந்துவிடும். காலையில் ஒரு காப்பித் தோட்டத்தில் குறிப்பெடுக்கச் சொல்லுங்கள், மாலையில் அந்தக் குறிப்பை வைத்தே பேச வையுங்கள். சொன்ன நேரத்துக்கு யார் வருகிறார்கள், யார் யாரோடு ஒத்துப்போகிறார்கள், யாருடைய நோட்டுப் புத்தகம் காலியாக இருக்கிறது எல்லாம் அங்கேயே தெரியும். வெளிநாட்டில் இதையெல்லாம் கற்றுக்கொள்ள நேரம் இல்லை. மலைக் கிராமங்களுக்குள் போவதானால் ஊர்ப் பெரியவர்களிடம் முன்பே கேட்டுவிட்டுப் போங்கள், அந்தப் பழக்கமும் பயிற்சியின் ஒரு பகுதிதான்.

அங்கிருந்து மாதிரிகள் கொண்டு வரலாமா?

கூடாது. குச்சி, இலை, மண், பூச்சி எதுவுமே வேண்டாம். நடவுக் குச்சியோடுதான் மாவுப்பூச்சியும் தேமல் நோயும் நாடு விட்டு நாடு போகின்றன. ஆர்வத்தில் ஒரு மாணவர் நல்ல ரகம் என்று இரண்டு குச்சியைப் பையில் போட்டுக்கொண்டு வந்தால், நாம் படிக்கப் போன நோயை நாமே கொண்டுவந்து சேர்த்தவர்கள் ஆவோம். இங்கிருந்து மாதிரி எடுத்துப்போவதற்கும் உயிரியல் பல்வகைமைச் சட்டம் 2002-இன் கீழ் அனுமதி தேவை. படமும் அளவும் குறிப்பும் போதும்.

முன்மொழிவில் என்னென்ன இருக்க வேண்டும்?

எட்டுப் பத்துப் பக்கம் போதும். முதல் பக்கத்தில் பாடத்தின் கேள்வி, அந்த இடத்துக்குப் போக வேண்டிய காரணம். பிறகு நாள்வாரித் திட்டம், ஒவ்வொரு நாளும் மாணவர் என்ன செய்வார், மாலையில் என்ன எழுதித் தருவார் என்பதோடு. மதிப்பீட்டு முறை, கிரெடிட் கணக்கு, அழைக்கும் நிறுவனத்தின் கடிதம், செலவுப் பட்டியல், உதவி இடங்கள், அவசரத் திட்டம், உடன் வரும் ஆசிரியர்கள். உங்களுக்கு உடம்பு முடியாமல் போனால் பாடத்தை யார் நடத்துவார் என்பதையும் எழுதுங்கள், இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். நாள்வாரித் திட்டத்தில் தினமும் மூன்று இடம் போட்டிருந்தால் குறையுங்கள். ஒரே வயலுக்கு இரண்டு முறை போவது நல்ல திட்டத்தின் அடையாளம்: முதல் நாள் பார்த்தது புரியாது, இரண்டாம் முறை போகும்போதுதான் கேள்வி வரும்.

அழைத்த வெளிநாட்டு நிறுவனத்தாரும் இங்கே வர விரும்பினால்?

வரவேற்க வேண்டும். ஏத்தாப்பூர், ஆத்தூர்ப் பக்கத்து சேகோ ஆலை, செவ்வாய்ப்பேட்டைக் கடைவீதி, ஏற்காடு என்று காட்ட நம்மிடம் நிறையவே இருக்கிறது. விடுதியில் வெளிநாட்டவரைத் தங்க வைத்தால் அவர்கள் விவரத்தை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் பதிய வேண்டும் என்பதை விடுதிக் காப்பாளரிடம் முன்பே சொல்லுங்கள்.

திரும்பி வந்த பிறகு என்ன வேலை மிச்சம்?

மூன்று வேலை. கணக்கை ஒரு மாதத்துக்குள் முடித்து, ரசீதுகளோடு பெற்றோருக்கும் காட்டி, மீந்ததைத் திருப்பிக் கொடுப்பது. மாணவர்களின் அறிக்கையைத் தமிழில் எழுத வைத்து, ஆத்தூர்ப் பக்கத்தில் ஓர் ஊரில் மரவள்ளி விவசாயிகள் முன்னால் அவர்களே வாசிக்கச் செய்வது. விவசாயிகள் கேட்கும் கேள்விகளுக்கு அவர்கள் சொல்லும் பதிலுக்கும் மதிப்பெண் வையுங்கள். அப்புறம், அழைத்தவர்களின் தொடர்பு, விலைப்புள்ளிகள், நடந்த நாள்வாரித் திட்டம், எங்கே நேரம் வீணானது என்ற குறிப்பு எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டுத் துறையில் வைப்பது. அடுத்த வருடம் வேறோர் ஆசிரியர் இதைக் கேட்டு வருவார், அவர் அந்தக் கோப்பை வைத்துத் தொடங்கிக்கொள்ளலாம்.